கெடாத உணவும் கெடாத கடமையும்

உணவு கெட்டுப்போகும் பொருள். பொன்னும் நிலமும் பல தலைமுறைக்கு நிற்பன. பிடித்த மீனும் கறந்த பாலும் அறுத்த இறைச்சியும் ஒரு பகற்பொழுதைத் தாங்குவதே அரிது. இவ்வேறுபாடு பௌதிக உலகைச் சார்ந்த ஒன்றாயினும் மனிதரின் ஒழுக்க வாழ்விலும் ஆழமான சுவடுகளைப் பதித்துள்ளது. வேட்டையில் வீழ்ந்த பெருவிலங்கை ஒருவன் தனித்து உண்டு தீர்த்தல் இயலாது. பல நாளுக்கு வைத்திருத்தலும் இயலாது. ஆகவே அது பகிரப்பட்டது. வலையில் அளவுக்கு மிஞ்சி மீன் அகப்பட்ட நாளில் அயல்வீட்டு உலைகளிலும் மீன் கொதித்தது. பகுத்துண்ணலை அறங்களுள் தலையாயதாக வள்ளுவர் வைத்தார். உள்ளத்தின் பண்பாக அவ்வறம் போற்றப்படுவது முறையே. எனினும், அதற்குத் துணைநின்ற புறநிலை ஒன்று உண்டென்பதும் மறக்கற்பாலதன்று. வைத்திருக்க இயலாத பொருளைக் கொடுத்தல் எளிது.

இப்புறநிலை கடந்த ஒன்றரை நூற்றாண்டுக் காலத்துள் பெரிதும் மாறிவிட்டது. நியூசிலாந்தின் ஆட்டிறைச்சியும் எக்குவடோரின் வாழைக்குலைகளும் ஆந்திரக் கரையோரத்து இறாலும் குளிரூட்டிய கப்பல்களில் வாரக்கணக்காகப் பயணஞ்செய்து, பிறிதொரு கண்டத்துச் சந்தையை அடைகின்றன. இறைச்சி ஒரு கோடை முழுதும் காத்திருக்கக்கூடியதாயிற்று. மீன் பெருங்கடல்களைக் கடக்கக்கூடியதாயிற்று. இம்மாற்றத்தை விஞ்ஞானத்தின் வெற்றியாகவும் வாணிகத்தின் வளர்ச்சியாகவும் விளக்கும் நூல்கள் பல. அது எழுப்பும் ஒழுக்கவியல் வினா அத்துணை விரிவாக ஆராயப்பட்டதில்லை. கெடுதல் என்னும் இயற்கையின் எல்லை நீங்கியபோது, அவ்வெல்லையோடு பிணைந்திருந்த கடமையும் நீங்கிவிட்டதா என்பதே அவ்வினாவாகும்.

டனீடின் கப்பலின் படிப்பினை

குளிரைக் கடலில் கொண்டுசெல்லும் முயற்சி தோல்விகளுடனேயே தொடங்கியது. அவுஸ்திரேலியாவின் ஜீலோங் நகரில் பத்திரிகையாளராக வாழ்ந்து பனிக்கட்டி செய்யும் பொறியையும் ஆக்கிய ஜேம்ஸ் ஹரிசன், 1873 ஆம் ஆண்டு ‘நோர்போக்’ என்னும் கப்பலில் இறைச்சியை இலண்டனுக்கு அனுப்பினார். கப்பலில் குளிரூட்டும் பொறியை அவர் பொருத்தவில்லை. உடன்கொண்டு சென்ற பனிக்கட்டியையே நம்பினார். பனிக்கட்டி வழியிலேயே தீர்ந்தது, இறைச்சி அழுகியது, ஹரிசனின் செல்வமும் அழிந்தது. மூன்று ஆண்டுகளின் பின் சார்ல்ஸ் தெலியே என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளரின் ‘பிரிகோரிபிக்’ கப்பல் ரூவான் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு 105 நாட்களில் புவனஸ் அயர்ஸை அடைந்தது. கடலிலேயே குளிரை உண்டாக்குதல் கூடும் என்பது அதனால் தெளிவாயிற்று.

இவ்வரலாற்றில் பெரிதும் பேசப்படுவது ‘டனீடின்’ என்னும் பாய்க்கப்பலின் பயணமாகும். அக்காலத்து நியூசிலாந்தில் ஆடுகள் கம்பளிக்காகவே வளர்க்கப்பட்டன. மிகுதியான ஆடுகளின் இறைச்சிக்கு உள்ளூரில் வாங்குவோர் இல்லை. கொழுப்புக்காக அவற்றைக் காய்ச்சுவதும், சில வேளைகளில் கடற்பாறைகளிலிருந்து கீழே தள்ளிவிடுவதும் வழக்கமாயிருந்தன. அதேவேளை பிரித்தானியக் கைத்தொழில் நகரங்களில் இறைச்சி தொழிலாளரின் கைக்கெட்டாப் பொருளாக இருந்தது. இவ்விரு நிலைகளையும் இணைக்கும் பொருட்டே டனீடின் கப்பலில் பெல்–கோல்மன் பொறி பொருத்தப்பட்டது. காற்றை அமுக்கி, அதனால் எழும் வெப்பத்தை நீக்கி, பின் விரியவிட்டால் அது கடுங்குளிர் எய்தும். அக்குளிர்க்காற்றைச் சரக்கறையுள் செலுத்துவதே அப்பொறியின் தொழில்.

1881 டிசம்பரில் போட் சாமர்ஸ் துறையில் இறைச்சி ஏற்றும் வேலை தொடங்கிய சில நாட்களுள் பொறியின் சுழற்றித்தண்டு முறிந்தது. ஏற்றியவை இறக்கப்பட்டு உள்ளூர்ச் சந்தையிலேயே விற்கப்பட்டன. பொறி திருத்தப்பட்டபின், 1882 பெப்ரவரி 15 ஆம் நாள், ஏறத்தாழ 5000 உடல்களின் இறைச்சியுடன் கப்பல் புறப்பட்டது. வெப்ப வலயத்தைக் கடக்கையில் குளிர்க்காற்று அறை முழுதும் பரவவில்லை. கப்பல் தலைவர் ஜோன் விற்சன் தாமே குளிரறையுள் ஊர்ந்து சென்று காற்று வழிகளை வெட்டினார். உடல் விறைத்துப்போன அவரைக் காலிற் கயிறு கட்டியே வெளியே இழுத்தனர். 98 நாட்களின் பின் இலண்டனில் சரக்கு இறக்கப்பட்டபோது கழிக்கப்பட்டது ஓர் ஆட்டுடல் மட்டுமே.

இந்நிகழ்ச்சியில் வரலாற்றாசிரியர் பயணத்தின் வெற்றியையே வியப்பர். ஒழுக்கவியலை ஆராய்வோனுக்கோ அதற்கு முந்திய அந்தச் சிறு முறிவே பொருள் பொதிந்ததாகும். பொறி இயங்கும்வரை அவ்விறைச்சி பன்னிரண்டாயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்த இலண்டன் நுகர்வோனுக்கு உரியது. பொறி நின்றதும் அது அயலிலிருந்த ஊரவர்க்கு உரியதாயிற்று. இறைச்சி மாறவில்லை, உரிமையாளன் மாறவில்லை, ஊரவரின் பசியும் மாறவில்லை. மாறியது உரிமையாளன் காத்திருக்கக்கூடிய காலத்தின் அளவே. ஓர் உணவுப்பொருள் யாரைச் சென்றடையும் என்பதை அக்காலத்தின் அளவு தீர்மானித்தது என்பதே டனீடின் தரும் படிப்பினை.

கெடுதல் என்னும் எல்லை

பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக், தனிச்சொத்துரிமையை நியாயப்படுத்த முற்பட்டபோது இவ்வுண்மையை ஒருவாறு உணர்ந்திருந்தார். இயற்கையின் விளைவுகள் தொடக்கத்தில் அனைவர்க்கும் பொதுவானவை. உழைப்பைச் செலுத்துவோன் அவற்றைத் தனதாக்கிக்கொள்கிறான். ஆயின் கெட்டுப்போகுமுன் பயன்படுத்தக்கூடிய அளவுக்கே அவன் உரித்துடையவன். அதற்கு மிஞ்சியது பிறருக்கு உரிய பங்கு என்பது அவர் வாதம். கைக்கொண்ட கனி ஒருவன் வீட்டில் அழுகுமாயின் அவன் பிறர் பங்கைக் கவர்ந்தவனாவான். இவ்வாறு, அழுகல் என்னும் இயற்கை நிகழ்வு லொக்கின் கோட்பாட்டில் அறத்தின் எல்லைக்கல்லாக நிற்கின்றது.

அவ்வெல்லையைக் கடக்கும் வழியையும் அவரே காட்டினார். அழியும் பொருளைக் கொடுத்து அழியாப் பொருளாகிய பொன்னையோ வெள்ளியையோ பெறுவோன் எதையும் வீணாக்கவில்லை. ஆகவே எவ்வளவு சேர்த்தாலும் அவன் குற்றவாளி ஆகான். பணம் தோன்றியதும் சொத்தின் மீதிருந்த இயற்கையின் தடை தளர்ந்தது என்பது இதன் பொருள். லொக்கின் காலத்தில் உணவு பணமாக மாறியபின்னரே அழியாத்தன்மை பெற்றது. குளிரூட்டலோ உணவு உணவாக இருக்கையிலேயே அதற்குப் பணத்தின் இயல்பை அளித்தது. குளிர்க்களஞ்சியத்துள் உறைந்திருக்கும் இறைச்சியை விலை உயரும்வரை வைத்திருக்கலாம், கைமாற்றலாம், பயணத்தின் நடுவிலேயே விற்கலாம். பெட்டகத்துள் வைத்த பொன்னுக்கும் அதற்குமுள்ள வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிட்டது.

இதிலிருந்து குளிரூட்டல் அறத்துக்கு மாறானது என முடிவுசெய்தல் அவசரமாகும். லொக்கின் அளவுகோலைக்கொண்டே நோக்கினால், பாறையிலிருந்து தள்ளப்பட்ட ஆடுகளே பெருங்குற்றம். அவ்விறைச்சியைத் தொழிலாளரின் தட்டுக்குக் கொண்டுசென்ற கப்பல் அக்குற்றத்தை நீக்கியது. வீணாதல் தீமையெனில் அதைத் தடுப்பது நன்மையே. ஆனால் லொக்கின் அளவுகோல் ஒரு வினாவுக்கு மட்டுமே விடை தருகின்றது. பொருள் வீணாயிற்றா என்று அது கேட்கும். வீணாகாத பொருள் எவரைக் கடந்து சென்றது என்று கேளாது. எதுவும் அழுகாத உலகில் அவ்வெல்லைக்கல் இருந்தும் இல்லாததாகிவிடுகின்றது. அதன் இடத்தில் வேறொன்றை நாட்டவேண்டியது அவசியமாகின்றது.

காத்திருக்கும் ஆற்றல்

கெடும் உணவு எப்பொழுதும் பகிரப்பட்டது என எண்ணுதலும் பழமையை அளவுக்கு மிஞ்சிப் போற்றுவதாகும். கரையேறிய மீனவனை நோக்கின் இது புலனாகும். அவனுடைய மீன் மதியத்துக்கு முன் விலைபோதல் வேண்டும். வாங்கும் முதலாளிக்கோ அவசரமில்லை. விலை பேசும் இருவருள் ஒருவனுக்குக் காலம் பகையாகவும் மற்றவனுக்கு அதுவே துணையாகவும் அமைகின்றது. தக்காளி பயிரிடுவோனும் பால் கறப்போனும் இந்நிலையினரே. கெடுதல் அயலவர்க்குக் கொடையானதுண்டு. அதுவே உழைத்தவனின் பேரம்பேசும் வலுவைப் பறித்ததும் உண்டு. கருவாடு போடுதலும் உப்பிடுதலும் புகையூட்டுதலும் அவ்வலுவைச் சிறிதளவேனும் மீட்டுக்கொள்ள உழைப்போர் கண்ட வழிகள் எனலாம்.

எனவே, குளிரின் நன்மை தீமை குளிரில் இல்லை; அது எவர் கையில் இருக்கின்றது என்பதில் உள்ளது. குளிர் என்பது காத்திருக்கும் ஆற்றல். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் கையில் அது இருக்கும்போது குறைந்த விலையை மறுக்கும் துணிவாகின்றது. வணிகனின் கையில் மட்டும் இருக்கும்போது அதே குளிர் மீனவனை மேலும் தளரச்செய்யும் கருவியாகின்றது.

உலகில் இவ்வாற்றல் பங்கிடப்பட்டுள்ள முறை கருதத்தக்கது. ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனமும் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டமும் 2022 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, போதிய குளிரூட்டல் இன்மையால் மட்டும் 2017 ஆம் ஆண்டில் 52 கோடி 60 இலட்சம் தொன் உணவு இழக்கப்பட்டது. இது உலக உற்பத்தியின் 12 சதவீதமாகும். பெருங்கடல்களின் நடுவே ஒரு பாகைகூட வழுவாது குளிரைக் காக்கும் நுட்பம் கைவந்துள்ளது. வாழைக்காயைப் 13 அல்லது 14 பாகை செல்சியஸில் வைத்தல் வேண்டும். அதனினும் குளிர்ந்தால் தோல் கறுத்துப் பழுக்கும் தன்மை கெடும். உறைந்த உணவைப் பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகையில் வைத்தல் வேண்டும். கொள்கலனுள் ஒட்சிசனைக் குறைத்துக் காபனீரொட்சைட்டைக் கூட்டி, கனியின் சுவாசத்தையே மந்தப்படுத்தும் முறையும் உண்டு. இத்துணை நுண்மையான குளிர் நடுக்கடலில் கிடைக்க, விளைநிலத்தின் அயலிலும் மீன்பிடித் துறையிலும் ஒரு சிறு குளிரறை இல்லாமற்போவது தொழில்நுட்பத்தின் குறையன்று. பணம் செல்லும் வழியிலேயே குளிரும் செல்கின்றது என்பதே அதன் காரணம்.

புறப்படும் கரையும் சேரும் கரையும்

ஆபிரிக்காவின் விக்டோரியா ஏரி இவ்வகையில் ஆழ்ந்து நோக்கற்பாலது. 1950களில் குடியேற்ற ஆட்சிக் காலத்தில் அவ்வேரியில் நைல் பேர்ச் என்னும் பெருமீன் விடப்பட்டது. 1980களில் அது பெருகியபோது ஏரிக்கே உரிய சிறுமீன் இனங்கள் பெருமளவில் அழிந்தன. அச்சிறுமீன்களை வெயிலில் உலர்த்தி உண்ணுதல் கரையோர மக்களின் வழக்கம். கொழுப்பு மிகுந்த பெருமீனோ தொழிற்சாலைக்கு உகந்தது. தன்சானியா, கெனியா, உகண்டா ஆகிய நாடுகளின் ஏரிக்கரை நகரங்களில் ஆலைகள் எழுந்தன. எலும்பு நீக்கிய சதை குளிரூட்டப்பட்டும் உறையவைக்கப்பட்டும் ஐரோப்பாவுக்குச் சென்றது. தலையும் முள்ளும் உள்ளூர்ச் சந்தைக்கு வந்தன. அவை பொரிக்கப்பட்டு வறியோரின் உணவாயின.

இதனால் விளைந்த நன்மைகளை மறுத்தல் நேர்மையாகாது. அந்நாடுகள் அந்நியச் செலாவணி பெற்றன. பலர் வேலை பெற்றனர். வள்ளங்களும் வலைகளும் பெருகின. மீனை விற்று அரிசியோ சோளமாவோ வாங்குவது குற்றமன்று. விலையுயர்ந்ததை விற்று மலிவானதை வாங்குதல் வறியோனுக்கும் நன்மை தரலாம். ஆயின், விற்ற பணம் எவர் கையிற் சேர்ந்தது என்பதும், உலையில் முன்பு கொதித்த மீனுக்கு ஈடானது அங்கு வந்ததா என்பதும் கேட்கப்படவேண்டியவை. ஏரிக்கரையில் வாழும் ஒருவன் தன் ஏரியின் மீனில் முள்ளுக்கு மட்டும் உரித்துடையவன் என்னும் நிலையைச் சந்தையின் விதி விளக்கலாம், நியாயப்படுத்தாது.

இலங்கையின் வடகரைக்கும் இவ்வினா புறம்பானதன்று. பாக்கு விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் பிடிபடும் நீலக்கால் நண்டு ஏற்றுமதிப் பொருளாகும். 2009 இல் போர் முடிவுற்றபின் அதன் சதையைப் பிரித்தெடுக்கும் நிலையங்கள் பெருகின. அங்கு வேலைசெய்வோருட் பெரும்பாலோர் பெண்கள். வாழ்வாதாரம் இழந்து நின்ற குடும்பங்களுக்கு இவ்வருவாய் பெருந்துணையாகும். அவ்வருவாயை நிறுத்துவது எவ்வகையிலும் அறமாகாது. முட்டையிடும் நண்டைக் கடலில் விடவும், விலை சரியும் நாளில் விற்காது வைத்திருக்கவும் அங்குள்ளோர்க்கு வலு உண்டா என்பதே கேட்கப்படவேண்டியது.

பொருள் சென்றுசேரும் கரையிலும் சிக்கல் உண்டு. மேலைநாட்டு நுகர்வோர் கோழியின் நெஞ்சுப்பகுதியையே பெரிதும் விரும்புவர். எஞ்சும் காலும் சிறகும் உறையவைக்கப்பட்டு மேற்கு ஆபிரிக்காவுக்கு மலிவாக அனுப்பப்படுகின்றன. கானா நாட்டின் கோழி வளர்ப்போர் இப்போட்டிக்கு ஈடுகொடுக்க இயலாது தளர்ந்தனர். 2003 ஆம் ஆண்டு அந்நாட்டுப் பாராளுமன்றம் கோழியிறைச்சியின் இறக்குமதித் தீர்வையை 20 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக உயர்த்தியது. ஆனால் அத்தீர்வை நடைமுறைக்கு வந்த சில நாட்களுள் இடைநிறுத்தப்பட்டது. மலிந்த இறைச்சி நகரத்து வறியோர்க்கு நன்மை. கிராமத்துக் கோழி வளர்ப்போனுக்குக் கேடு. ஒரு வறியோனின் தட்டை நிரப்பும் பொருள் மற்றொரு வறியோனின் தொழிலைப் பறிக்கும்போது ‘மலிவு’ என்னும் சொல்லை மட்டும் கொண்டு நீதி வழங்குதல் கூடாது. இங்கும் குளிர் தன் பணியைக் குறைவறச் செய்தது. கடலுக்கப்பால் எவரும் விரும்பாத பகுதியை அழியாமற் காத்து, எதிர்த்து நிற்க இயலாதவனின் வாயிலில் சேர்த்தது.

தூரம் என்னும் நியாயம்

அருகில் விளைவதை உண்பதே அறம் என்னும் கருத்து மேலைநாடுகளில் வலுப்பெற்றுள்ளது. உணவு கடக்கும் மைல்களை எண்ணி அதன் தீமையை அளப்பவர் உளர். சுற்றாடலை முன்வைத்து எழும் இவ்வாதத்தை ஒரு நியூசிலாந்து ஆய்வு சோதித்தது. லிங்கன் பல்கலைக்கழகத்தார் 2006 இல் வெளியிட்ட கணிப்பின்படி, ஒரு தொன் ஆட்டிறைச்சியைப் பிரித்தானியாவிலேயே உண்டாக்குவதால் 2849 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியாகும். நியூசிலாந்தின் புல்வெளியில் வளர்த்துக் கப்பலில் அனுப்பினால் 688 கிலோகிராமே வெளியாகும். இக்கணிப்பின் முறை பற்றி விவாதங்கள் உண்டு. எனினும் தூரத்தைத் தனியொரு தீமையாகக் கொள்ளல் பொருந்தாது என்பதை அது உணர்த்துகின்றது. கடல்வழிப் பயணம், விமானப் பயணத்தை நோக்க, மிகச் சிறிதளவு எரிபொருளையே வேண்டுவது. தீமை மைல்களில் இல்லையெனின் அதை வேறிடத்திலேயே தேடவேண்டும்.

தூரத்தைப் பற்றி மெய்யியலில் எழுந்த முக்கியமான வாதம் பீற்றர் சிங்கருடையது. கிழக்கு வங்காளத்து அகதிகளின் துயரைக் கண்டு 1972 இல் வெளியிட்ட கட்டுரையில், குளத்தில் மூழ்கும் குழந்தையைக் காக்கும் கடமைக்கும் தொலைநாட்டில் பட்டினியால் வாடும் குழந்தையைக் காக்கும் கடமைக்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை என அவர் வாதித்தார். தூரம் கடமையைக் குறைப்பதன்று என்பது அவர் துணிபு. இதை மறுப்போர், தொலைவிலிருப்போரின் நிலையை அறிதலும் அவர்க்கு உதவுதலும் அரியன என்பர்.

குளிர்க்கப்பல் இம்மறுப்பின் வலுவைப் பெரிதும் குறைத்துவிட்டது. இன்று கொள்கலன் ஒன்றின் வெப்பநிலை பயணம் முழுதும் பதிவாகின்றது. நடுக்கடலில் அது ஒரு பாகை உயர்ந்தால் பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் அலுவலகத்தில் இருப்போர் அறிவர். இறால் பெட்டி எங்கு உள்ளது, எத்தனை பாகையில் உள்ளது, எந்நாள் கரைசேரும் என்பன யாவும் வாங்குவோனுக்குத் தெரியும். அவ்விறாலைப் பிடித்தோனின் கூலி யாது, அவன் வீட்டில் அன்று என்ன சமைத்தனர் என்பன மட்டும் தெரிவதில்லை. தெரிந்துகொள்ள இயலாமையன்று இது, தெரிந்துகொள்ளாமையே. பொருளுக்காகத் தூரத்தை வென்றவன் மனிதருக்காக மட்டும் தூரத்தைக் காரணங் காட்டுதல் நேர்மையாகாது.

குளிர் எதை நாடிச் செல்கின்றது என்பதையும் நோக்குதல் தகும். 2025 ஆம் ஆண்டு ஜனவரியில், சிலி நாட்டுச் செர்ரிப் பழங்களை 1300க்கு மேற்பட்ட கொள்கலன்களில் ஏற்றிச் சீனா நோக்கிச் சென்ற கப்பல் ஒன்று பொறி பழுதடைந்து பசிபிக் கடலில் நின்றது. சீனப் புத்தாண்டு ஜனவரி 29 ஆம் நாள் வந்துபோயிற்று. கப்பல் பெப்ரவரி நடுப்பகுதியிலேயே கரைசேர்ந்தது. பண்டிகை கழிந்த பழத்தின் மதிப்பு வீழ்ந்தது. அத்துணைப் பெரிய குளிரூட்டும் ஏற்பாடு ஒரு பண்டிகைப் பரிசுப்பொருளின் பொருட்டு அமைந்தது. அது தவறென்பதற்கில்லை, விழாவும் வாழ்வின் பகுதியே. ஆயின் பஞ்சம் உணவில்லாமையால் மட்டும் நேர்வதன்று. உணவைப் பெறும் உரித்து இல்லாமையால் நேர்வது என 1981 இல் அமர்த்தியா சென் நிறுவிய உண்மை இங்கு நினைவுகூரத்தக்கது. கப்பல் பசியை நாடிச் செல்வதில்லை. கேள்வியை நாடிச் செல்கின்றது. பணமில்லாதவனின் பசி சந்தையின் செவிக்கு எட்டும் கேள்வி ஆவதில்லை.

புதிய எல்லைக்கல்

அவ்வாறாயின் குளிரை உடையோர்க்குரிய கடமைகள் யாவை? உறைந்த இறைச்சியை ஏழைநாடுகளுக்கு இலவசமாக அனுப்புதலே அறம் எனச் சிலர் கூறக்கூடும். கானாவின் அனுபவம் அதற்கு எதிர்ச்சான்று பகரும். கொடையும் உள்ளூர் உழைப்பை அழிக்கக்கூடும். உணவைப் பங்கிடுதல் மட்டும் போதாது; காத்திருக்கும் ஆற்றலைப் பங்கிடுதலே அடிப்படையானது. மீன்பிடித் துறையிலும் விளைநிலத்தின் அயலிலும் உழைப்போரின் பொது உடைமையாகக் குளிரறைகள் அமையவேண்டும் என்பது இதனால் பெறப்படும் முதற் கடமை. ஏற்றுமதியால் பெரும்பயன் அடைவோர் அச்செலவில் பங்கேற்றல் கொடையன்று, கடன் தீர்த்தலேயாகும்.

புறப்படும் கரையின் உலைக்கு முன்னுரிமை உண்டென ஏற்றுக்கொள்ளல் இரண்டாவது கடமை. ஏற்றுமதியைத் தடுத்தல் இதன் கருத்தன்று. ஒரு கரையிலிருந்து உணவு நீங்குமாயின் அதற்கு ஈடான ஊட்டமோ அதை வாங்கும் வருவாயோ அங்கு எஞ்சுகின்றதா என ஆராய்ந்தபின்னரே அவ்வாணிகத்தை நியாயமானது எனக் கூறலாம். சேரும் கரையின் உழைப்பாளியை வீழ்த்தாதிருத்தல் அதன் மறுபக்கமாகும். எஞ்சியதை எங்காவது தள்ளிவிடும் இடமாகப் பிறர் சந்தையைக் கருதுதல் ஆகாது.

மூன்றாவது, குளிரைக் காப்போரைக் காத்தல். 2011 ஆம் ஆண்டு, போலியான குளிரூட்டும் வாயு நிரப்பப்பட்ட கொள்கலன் பொறிகள் வெடித்து மூன்று தொழிலாளர் மாண்டனர். மலிந்த வாயுவால் எவரோ சிறிது பணம் மிச்சப்படுத்தினர். அப்பொறியைத் திறந்து திருத்த முற்பட்டோர் உயிரைக் கொடுத்தனர். விற்சன் என்னும் கப்பல் தலைவரின் பெயரை வரலாறு பொறித்துள்ளது. ஆலையின் குளிரில் விரல் விறைக்க நின்று மீன் வெட்டுவோரின் பெயரையும் துறைமுகத்தில் பொறி திருத்துவோரின் பெயரையும் எவரும் பொறிப்பதில்லை.

இக்கடமைகளைச் சட்டத்தால் மட்டும் நிறைவேற்றுதல் அரிது என்பதில் ஐயமில்லை. பல நாடுகளின் எல்லைகளைக் கடக்கும் வாணிகத்தை எந்த ஒரு நாட்டின் சட்டமும் முற்றாகக் கட்டுப்படுத்தாது. ஆயினும், கடமை எளிதில் நிறைவேறாமையால் அது கடமையன்று என ஆகிவிடாது. முன்பு இயற்கையே ஓர் எல்லையை வைத்திருந்தது. மீனை வைத்திருப்போனிடம் நாளைக்குள் கொடு என அது வற்புறுத்தியது. அவன் நல்லோனா தீயோனா என அது பார்க்கவில்லை. அவ்வற்புறுத்தல் இன்று ஓய்ந்துவிட்டது. கொடுத்தலும் வைத்திருத்தலும் இப்பொழுதே முதன்முறையாக மனிதனின் தெரிவாகியுள்ளன. தெரிவு உள்ள இடத்திலேயே ஒழுக்கம் தொடங்குகின்றது என்பது மெய்யியலின் பால பாடம். ஆகவே, குளிரூட்டல் மனிதனைக் கடமையிலிருந்து விடுவித்தது எனக் கொள்ளல் பிழை. முன்பு அழுகல் அவனுக்காகச் செய்துவந்த வேலையை அவனே செய்யும்படி அது பணித்துள்ளது. அதை அவன் செய்யாது விடின், உணவு கெடாத உலகில் உறவு கெட்டுப்போகும்.